இட்லித் தட்டும் டாலர் கணக்கும்: 1966இன் மதிப்புக் குறைப்பும் பம்பாய்த் தென்னிந்திய உணவகங்களும்

சற்று நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

1966 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை இரவு, இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைப்பதாக அறிவித்தது. அதுவரை ஓர் அமெரிக்க டாலருக்கு 4.76 ரூபாய். மறுநாள் முதல் 7.50 ரூபாய். பவுண்டு 13.33 ரூபாயிலிருந்து 21 ரூபாயாயிற்று. அறிவிப்பு வந்து பதினான்கு நாள் கழித்து, ஜூன் 19 அன்று, பம்பாயில் சிவசேனா தொடங்கப்பட்டது. அக்டோபர் 30 அன்று சிவாஜி பூங்காவில் அதன் முதற் பெருங்கூட்டம் கூடியது. கலைந்து திரும்பியோரில் ஒரு பகுதியினர் வழியிலிருந்த தென்னிந்தியர் உணவகங்களைத் தாக்கினர். அதற்கு நான்கு மாதம் கழித்து நடந்த பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்தின் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது.

இவை தனித்தனி அலமாரிகளில் கிடக்கும் செய்திகள். ரூபாயின் கதை பொருளியல் நூல்களில் இருக்கிறது; சேனாவின் கதை பம்பாய் அரசியல் நூல்களில்; 1967 தேர்தல் திராவிட இயக்க வரலாற்றில். மூன்றையும் ஓர் உணவக மேசையின் மீது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று நிறுவுவது என் நோக்கமன்று. அவ்வாறு நிறுவவும் இயலாது. ஒரே விலையேற்றத்தின் மீதெழுந்த சினம் சென்னையில் ஒரு முகத்தையும் பம்பாயில் வேறொரு முகத்தையும் தேடிக்கொண்டது எப்படி என்பதே என் கேள்வி. பம்பாயில் அது கண்டெடுத்த முகம் உணவகத்தின் கல்லாவில் உட்கார்ந்திருந்தது.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மொழியியல் பயின்றவன் என்பதால் இந்தச் சிறு விலகலை அனுமதிக்கவும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது தமிழ் நாளேடுகள் அதனைப் 'பணமதிப்பிழப்பு' என்று எழுதத் தொடங்கின. 'பணமதிப்பு நீக்கம்' என்று எழுதியோரும் உண்டு. எனினும் நிலைத்தது முந்தையதே. அதன் விளைவாக, அயல்நாட்டு நாணயத்துக்கு எதிரே ரூபாயின் மதிப்பு இறங்குவதைக் குறிக்கும்போது வாசகர் குழம்புகின்றனர். இப்பதிவில் அரசு தன் ஆணையால் ஒரே நாளில் இறக்குவதை மதிப்புக் குறைப்பு என்றும், சந்தையில் நாளுக்கு நாள் தேய்வதை மதிப்புச் சரிவு என்றும் எழுதுகிறேன். இலங்கைத் தமிழர் இவ்விடத்தில் 'ரூபாவின் பெறுமதி' என்பார்கள். அச்சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாணயத்தைக் கொடுத்து எதைப் பெறலாம் என்ற வினை அச்சொல்லின் வேரிலேயே கிடக்கிறது.

கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. 1966இன் மதிப்புக் குறைப்பு 36.5 விழுக்காடு என்று பாடநூல்கள் சொல்லும். அது ரூபாயின் பக்கமிருந்து பார்த்த கணக்கு. டாலரை விலை கொடுத்து வாங்க வேண்டியவனுக்கு அது 57.5 விழுக்காட்டு ஏற்றம். 476 ரூபாய் கொடுத்துப் பெற்ற அதே சரக்குக்கு மறுநாள் 750 ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரிந்தது இரண்டாவது கணக்குத்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 1965 செப்டம்பர்ப் போரையொட்டி அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு பருவமழை பொய்த்தது, 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவுத் தானிய விளைச்சல் அடுத்த ஆண்டில் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதியாயிற்று. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. உதவி மீண்டும் வேண்டுமானால் ரூபாயின் மதிப்பைக் குறையுங்கள் என்று உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் வற்புறுத்தின. நிதியமைச்சர் சசீந்திர சௌத்ரி அறிவித்தார். பின்னால் இருந்தவர்கள் பிரதமர் இந்திரா காந்தி, திட்ட அமைச்சர் அசோக் மேத்தா, உணவமைச்சர் சி. சுப்பிரமணியம். இந்நாடகத்தில் தமிழர் மூவர் மூன்று நிலைகளில் நின்றதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சி. சுப்பிரமணியம் குறைப்பை ஆதரித்தார். 1965 இறுதியில் நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகிய டி. டி. கிருஷ்ணமாச்சாரி அதனை எதிர்த்தவர். காங்கிரஸ் தலைவர் காமராசருக்கோ தம்மைக் கலந்துகொள்ளாமலேயே முடிவெடுத்துவிட்டார்கள் என்ற கசப்பு.

இனி உணவகத்துக்கு வருவோம்.

மாதுங்காவின் தென்னிந்திய உணவகங்கள் 1966இல் ஏறத்தாழ ஒரு தலைமுறை வயதுடையவை. மணீஸ் லஞ்ச் ஹோம் 1937இல் தொடங்கியது; ராம் ஆசிரயா 1939; கஃபே மெட்ராஸ் 1940; ரயில் நிலையத்துக்கு அருகில் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங் 1942. பெயர்களைக் கவனியுங்கள்: லஞ்ச் ஹோம், கஃபே, போர்டிங். அக்காலத்துத் தமிழ்நாட்டில் 'காபி கிளப்' என்றும் 'கிளப்புக் கடை' என்றும் வழங்கியதற்கு இங்கே வேறு பெயர்கள் அமைந்தன. ஏனெனில் வாடிக்கையாளர் வேறு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் தட்டச்சராகவும் கணக்கராகவும் சேர்ந்த இளைஞர்கள் அவர்கள். அவர்களுக்கு இது சிற்றுண்டிச் சாலை மட்டுமன்று. வீட்டுச் சமையலறைக்கு மாற்று. ஆகவேதான் 'ஹோம்', ஆகவேதான் 'போர்டிங்'.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றை நடத்தியோரில் பெரும்பாலோர் தமிழர் அல்லர். துளுவும் கன்னடமும் கொங்கணியும் பேசும் தென் கன்னடத்தவர், சிலர் பாலக்காட்டார். பம்பாயின் வாயில் எல்லோரும் 'மதராசி'. மொழிகளுக்கிடையிலான எல்லைகளை ஒரு நகரம் எவ்வளவு எளிதாக அழித்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்த அழிப்பு 1966இல் ஆளைக் காயப்படுத்தும் அளவுக்குப் போயிற்று.

இத்தகைய உணவகம் விலையை ஏற்றுவது எளிதன்று. இறக்குமதி வணிகர் ஒருவர் டாலர் ஏறிய மறுநாளே தம் விலைப்பட்டியலைத் திருத்தலாம். அவரிடம் வாங்குபவர் முணுமுணுத்தாலும் வாங்கித்தான் தீரவேண்டும். போர்டிங்கில் உண்பவரோ மாதக் கணக்குக்காரர். மாதத் தொடக்கத்தில் பேசிய தொகைக்கு மாத இறுதிவரை சோறு போட்டாக வேண்டும். அவருடைய சம்பளமும் மாறாத சம்பளம். அகவிலைப்படி ஏறும், ஆனால் விலைவாசி ஏறிச் சில மாதம் கழித்து, மூச்சிரைத்துக்கொண்டு பின்னால் வரும். அந்த இடைவெளியில் உணவகக்காரர் எட்டணாச் சிற்றுண்டியைப் பத்தணாவாக்கினால் வாடிக்கையாளர் ஒரு வேளையைக் குறைத்துக்கொள்வார். (அணாக்கணக்கு 1957இலேயே சட்டப்படி மாறிவிட்டது, வாய்ப்பேச்சு மாறப் பல்லாண்டு பிடித்தது.) ஆகவே விலை அப்படியே நிற்கும், மாறுவது அளவு. தமிழ்நாட்டு ஓட்டல்களில் 'அளவுச் சாப்பாடு' என்றொரு தொடர் உண்டல்லவா? பம்பாயில் அதன் உடன்பிறப்பு 'ரைஸ் பிளேட்'. தேநீரிலோ 'கட்டிங்', அதாவது அரைக் குவளை. இச்சொற்கள் 1966இல் பிறந்தவை என்று சொல்லவில்லை. விலையைத் தொடாமல் அளவைத் தொடும் பழக்கம் ஒரு தொழிலின் சொல்லகராதியிலேயே இடம்பிடித்துவிட்டது என்பதைத்தான் சுட்டுகிறேன்.

சரி, டாலர் ஏறியதால் 1966இல் இட்லியின் அடக்கவிலை உண்மையில் எவ்வளவு ஏறியது? இங்கே பொறுமையாகப் பார்க்க வேண்டும். அரிசி உள்நாட்டுச் சரக்கு. உளுந்து உள்நாட்டுச் சரக்கு. கடலை எண்ணெய், தேங்காய், புளி, மிளகாய் யாவும் உள்நாட்டவை. காபியும் அப்படியே, 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டக்காரர் யாவரும் தம் கொட்டையைக் காபி வாரியத்தின் பொதுத்தொகுப்பில் சேர்க்க வேண்டும், உள்நாட்டுக்கு எவ்வளவு, ஏற்றுமதிக்கு எவ்வளவு என்பதை வாரியமே பிரித்தது. மதிப்புக் குறைப்பால் ஏற்றுமதியில் கிடைக்கும் ரூபாய் கூடும். சரக்கெல்லாம் வெளிநாட்டுக்கு ஓடிவிடும் என்ற அச்சம் இருந்தது. ஆனால் அரசு தேயிலை, சணல், காபி, மிளகு முதலியவற்றின் மீது உடனே ஏற்றுமதி வரி விதித்து அக்கூடுதலில் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொண்டது. மாதுங்காவில் மைசூர் கன்சர்ன்ஸ் போன்ற கடைகளில் வறுத்தரைத்த காபித்தூள் வாங்கியவருக்கு டாலர் நேரடியாகத் தெரிந்திருக்க நியாயமில்லை.

டாலர் நுழைந்த வழிகள் வேறு. முதல் வழி எரிபொருள். செம்பூருக்குத் தெற்கே டிராம்பேயில் எஸ்ஸோ நிறுவனத்தின் சுத்திகரிப்பாலை 1954இலும் பர்மா ஷெல் நிறுவனத்தினது 1955இலும் இயங்கத் தொடங்கின. அங்கே சுத்திகரித்த கச்சா எண்ணெய் கப்பலில் வந்தது; அதற்குரிய விலை டாலரிலும் பவுண்டிலும் கணக்கிடப்பட்டது. உணவகத்தின் பம்ப் அடுப்புக்கு மண்ணெண்ணெய், மாவும் காய்கறியும் ஏற்றிவரும் லாரிக்கு டீசல் இரண்டும் அங்கிருந்தே வந்தன. இரண்டாவது வழி சற்று எதிர்பாராதது: பால். பம்பாயின் ஆரே பால் திட்டத்தில் தாரா குரோடி 1946இல் அறிமுகப்படுத்திய 'டோன்டு' பால், கொழுப்பு மிகுந்த எருமைப்பாலில் கொழுப்பு நீக்கிய பால்பொடியும் நீரும் கலந்து செய்யப்படுவது. அந்தப் பால்பொடியில் பெரும்பகுதி அக்காலத்தில் அயல்நாட்டிலிருந்து வந்தது. நகரத்து ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் மலிவுப் பால் கொடுத்த ஏற்பாடு ஒரு கப்பலின் வருகையை நம்பியிருந்தது. மூன்றாவது வழி கோதுமை.

இருந்தும் அந்த ஆண்டின் விலையேற்றத்துக்குத் தலையாய காரணம் வறட்சிதான் என்பதே பொருளியலாளரின் பொதுக் கருத்து. ஜகதீஷ் பகவதியும் டி. என். சீனிவாசனும் 1975இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதை விரிவாக வாதிடுகிறது. 1966-67இல் மொத்தவிலை ஏறத்தாழ 14 விழுக்காடு ஏறியது; இரண்டாம் ஆண்டும் மழை பொய்த்ததே அதன் முதற்காரணம். இறக்குமதித் தானியத்தின் விற்பனை விலை உடனே ஏறாதவாறு அரசு மானியமும் கொடுத்தது. அவ்வாதம் எனக்கு ஏற்புடையதே. ஆனால் வரலாற்றை வாசிப்பவர் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: அன்று இட்லி வாங்கியவர் எதைக் காரணமென்று நம்பினார்? மழை பொய்ப்பது மெல்ல நடப்பது, தொலைவில் நடப்பது, யார் மீதும் பழிபோட முடியாதது. மதிப்புக் குறைப்போ ஒரே இரவில், டெல்லியில், பெயர் தெரிந்த மனிதர்களால் செய்யப்பட்டது. அதுவும் அமெரிக்காவின் நெருக்குதலால் என்று எல்லாக் கட்சிகளும் பேசின. ஏறிய விலைக்கெல்லாம் அந்த ஞாயிறு இரவே விளக்கமாயிற்று.

தாராவியில் இதே கணக்கு வேறு விதமாகப் போடப்பட்டது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களுக்கு, ஏற்றுமதியாகும் தோலுக்குக் கிடைக்கும் ரூபாய் காகிதத்தில் கூடியது. பதனிடுவதற்கு வேண்டிய, ஆப்பிரிக்காவிலிருந்து வரும் வாட்டில் பட்டைச் சாற்றின் விலையும் உடன் ஏறியது. ஊரில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட அவர்களுடைய தாத்தாக்களுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை.

இப்போது ஜூன் 19. பால் தாக்கரே 1960இலிருந்து நடத்திவந்த 'மார்மிக்' வார இதழ், பம்பாய் நிறுவனங்களில் உயர்பதவி வகிக்கும் தென்னிந்தியர் பெயர்ப் பட்டியல்களை 1966க்கு முன்பிருந்தே வெளியிட்டு வந்தது. படித்துவிட்டுச் சும்மா உட்காருங்கள் என்ற பொருளில் மராத்தியில் அவற்றுக்குத் தலைப்பிடப்பட்டது. ஆகவே மதிப்புக் குறைப்பு சேனாவைப் பெற்றெடுக்கவில்லை. மராத்தி இளைஞரின் வேலையின்மையும் பொய்க்குறையன்று; தங்கள் பெயரால் 1960இல் அமைந்த மாநிலத்தின் தலைநகரிலேயே அலுவலக வேலை தங்களுக்குக் கிட்டவில்லை என்ற ஆற்றாமை மெய்யானது. இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதப்படும் பம்பாய்த் தமிழர் வரலாறு அரைகுறையானது என்பது என் கருத்து.

ஆனால் அந்தப் பட்டியல்களில் இருந்தவர்கள் யார்? மேலாளர்கள், கணக்கு அதிகாரிகள். அவர்கள் கோட்டைப் பகுதி அலுவலகங்களின் மேல்மாடியில் இருந்தார்கள். தெருவில் போகும் இளைஞன் அவர்களைப் பார்த்ததே இல்லை. அவன் நாள்தோறும் பார்த்த தென்னிந்தியர் உடுப்பி உணவகத்தின் கல்லாவில் இருந்தவர். அதே ஆள்தான் அவனிடமிருந்து காசை வாங்கிக்கொண்டு சில்லறையைக் குறைவாகத் திருப்பித் தருபவர். விலையேற்றத்தின் ஆண்டில் இவ்விரு படிமங்களும் ஒன்றாயின. வேலையைப் பறித்தவர் என்று இதழில் படித்த ஆளும், வடையைச் சிறிதாக்கியவர் என்று வாயால் உணர்ந்த ஆளும் ஒரே பேச்சொலியில் பேசினார்கள். தென்னிந்திய மொழிகளின் ஒலியைக் கேலிசெய்ய உருவான 'யண்டு குண்டு' என்ற வசைச்சொல் அந்தப் பேச்சொலியைத்தான் குறிவைத்தது. அதில் எந்த மொழியின் சொல்லும் இல்லை. ஒரு காதுக்கு விளங்காத ஒலிகளைக் கூட்டிச் செய்த பொம்மை அது. தமிழருக்கும் துளுவருக்கும் அது ஒன்றாகவே எறியப்பட்டது.

அக்டோபர் 30 கூட்டத்துக்குப் பின் கல்லெறிபட்ட உணவகங்களில் எத்தனை தமிழருடையவை, எத்தனை தென் கன்னடத்தாருடையவை என்று எண்ணுவதில் பொருளில்லை. எறிந்தவர்கள் எண்ணவில்லை.

இதே மாதங்களில் சென்னையில் நடந்ததை இதனருகே வைக்க வேண்டும். அங்கும் அரிசித் தட்டுப்பாடு. மாநிலம் விட்டு மாநிலம் அரிசி போகத் தடை. நியாயவிலைக் கடை முன் வரிசை. ஆனால் அங்கே கல்லாவில் இருந்தவரும் வரிசையில் நின்றவரும் ஒரே மொழியினர். சினம் மேல்நோக்கிப் போயிற்று. திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதை இலட்சியமாகவும் ஒரு படி தருவதை நிச்சயமாகவும் அறிவித்துத் தேர்தலில் இறங்கியது. இந்த வாக்குறுதியின் இலக்கணத்தைக் கவனியுங்கள். அரிசியின் விலை இன்னது என்று அது சொல்லவில்லை. ரூபாய் எதைப் பெறும் என்று சொன்னது. டெல்லி ரூபாயின் பெறுமதியை டாலரில் அறிவித்த எட்டாம் மாதத்தில், அண்ணா அதனைப் படியில் அறிவித்தார் எனலாம். 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் கூட்டணிக் கணக்கும் அவ்வெற்றியில் பெரும்பங்கு வகித்தன. அரிசியை மட்டுமே காரணமாக்கினால் அது பிழையாகும். ஆனால் தோற்றவர்கள் பட்டியலைப் பாருங்கள்: விருதுநகரில் காமராசர், திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலம், கோபிசெட்டிப்பாளையத்தில் உணவமைச்சர் சி. சுப்பிரமணியம். மதிப்புக் குறைப்பை ஆதரித்தவரும் அதில் கலந்துகொள்ளப்படாதவரும் ஒரே வாரத்தில் விழுந்தார்கள். ஆட்சிக்கு வந்த பின் ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும் நடைமுறைக்கு வந்தது.

மாதுங்காவில் உட்கார்ந்து ஊர்ச்செய்தி படித்த தமிழ்க் கணக்கருக்கு அந்த 1967 எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி எண்ணிப்பார்ப்பதுண்டு. அவருடைய ஊரில் அவருடைய மொழி ஆட்சிக்கு வந்தது. அவர் வாழும் ஊரில் அவருடைய மொழி வசைச்சொல்லாயிற்று. இரண்டுக்கும் அடியில் ஒரே அரிசி விலை ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு கிளைச்செய்தி. பம்பாயின் அடையாளமாகிவிட்ட வடாபாவ், 1966இல் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் கடையில் பிறந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் சேனா, உடுப்பி உணவகத்துக்கு மாற்றாக மராத்தி இளைஞரின் தொழில் என்று வடாபாவ் வண்டிகளை ஊக்குவித்தது. அரிசி கிடைக்காமல் கோதுமை கப்பல் கப்பலாக இறங்கிய ஆண்டில், அரிசி உணவுக்குப் போட்டியாக மைதா ரொட்டிக்குள் ஒரு வடை நுழைந்தது என்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் உணவு வரலாறு எழுதுவோர் தானிய இறக்குமதிப் புள்ளிவிவரத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நல்லது.

1991ஐ விரைவாகக் கடக்கலாம். ஜூலை 1, ஜூலை 3 என இரு தவணையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைப்பு. ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக அதனை நடத்தியவர் தமிழரான சி. ரங்கராஜன், அதே மாதத்தில் 47 டன் தங்கம் பம்பாயிலிருந்து அடகுக்குப் பறந்தது. தங்கத்தின் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். 1993 முதல் ரூபாயின் விலையைப் பெரும்பாலும் சந்தையே தீர்மானிக்கிறது. அறிவிப்பு கிடையாது, ஞாயிறு இரவு கிடையாது. 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. 2022 ஜூலையில் 80ஐத் தாண்டியது. பழி சொல்ல ஒரு தேதிகூடக் கிடைப்பதில்லை.

1966க்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இட்லித் தட்டுக்குள்ளேயே இருக்கிறது. அன்று அத்தட்டில் டாலர் பக்கவாட்டில் நுழைந்தது. இன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உள்நாட்டு விளைச்சல் போதாதபோது உளுந்து மியான்மரிலிருந்து வருகிறது. சாம்பாருக்கான துவரை மொசாம்பிக்கிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் மலாவியிலிருந்தும் வருகிறது. வடை பொரியும் பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும். நாட்டின் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேலும், சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கும் இறக்குமதி. உணவகங்கள் வாங்கும் 19 கிலோ உருளையின் விலை ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் மாற்றி அறிவிக்கப்படுகிறது. சவூதி அராம்கோ நிறுவனம் அறிவிக்கும் டாலர் விலையும் அன்றைய ரூபாய் மதிப்பும் அதில் கலந்திருக்கின்றன. வீட்டுக்கான 14.2 கிலோ உருளைக்கு அரசு காட்டும் தயவு இதற்கில்லை. தென்னிந்தியச் சிற்றுண்டி என்று நாம் பெருமையுடன் அழைக்கும் அந்தத் தட்டு இன்று இந்தியப் பெருங்கடலின் மூன்று கரைகளிலிருந்து திரட்டப்படுகிறது. அதற்கான கணக்கைத் தெருவோரக் கடைக்காரர் முடிக்கிறார்.

நான் வசிக்கும் திலக் நகரில் இக்கணக்கை ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். ஹார்பர் பாதையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடைப்பட்ட எங்கள் நிலையத்தின் அருகிலேயே லோகமான்ய திலக் முனையம் இருக்கிறது; கோவை செல்லும் ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது. ஊருக்குப் போகிறவர்களும் ஊரிலிருந்து இறங்குகிறவர்களும் இருப்பதால் இப்பகுதியில் இட்லிக்கு எந்நேரமும் ஆளுண்டு. கடைக்காரர் நெல்லைப் பக்கத்தவர், பேரைச் சொல்லவேண்டியதில்லை.

"அண்ணாச்சி, ரெண்டு வருசமா இட்லி வெல அதேதான இருக்கு?"

"இட்லிய ஏத்த முடியாது தம்பி. தட்டுல குழி என்ன அளவோ அதான் இட்லி. சின்னதாக்கவும் முடியாது, வெலய ஏத்துனா பக்கத்து வண்டிக்குப் போயிருவான். வட அப்டியில்ல, கைதான அளவு."

பிறகு சட்னிப் பாத்திரத்தைக் காட்டினார். தேங்காய் குறைந்து பொட்டுக்கடலை கூடியிருந்தது. உருளை விலை ஏறியதா இறங்கியதா என்பதை மாதத்தின் முதல் தேதி காலையில் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் எத்தனை வடைக்கு மாவு ஆட்டுவது என்று முடிவு செய்வாராம். டாலர் என்ன விலை என்று கேட்டேன். "அது எதுக்குத் தம்பி நமக்கு? அது பேங்குக்காரங்க சமாச்சாரம்லா" என்றார்.

அறுபது ஆண்டுக்கு முன் கல்லாவில் இருந்தவரைப் போல இவரும் விலைக்கு முகம் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். வாடிக்கையாளரில் பாதிப்பேர் இன்று மராத்தியர். அவர்களுடன் சரளமான மராத்தியில் பேசுகிறார், என்னோடு பேசுகையில் இடையிடையே அதைக் கலக்கிறார். அவருடைய கடைப்பலகையில் வடை, பூரி, உத்தப்பம் ஆகியவற்றின் விலைகள் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கின்றன. இட்லியின் விலை மட்டும் வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கிறது.